ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெண் ஆசிரியர்கள்: பணித்திறன் மேம்பாடும் அதிகாரம் பெறுதலும்

ஆசிரியராக வர விரும்புவோருக்கு ஆசிரியராக இருப்பவர் ஆசிரியர் கல்வியாளர். பி.எட். கல்லூரியின் உதவிப் பேராசிரியரும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளரும் இவ்வகையினர். இவர்கள் பணியில் சேர்ந்த பிறகு தம் பாட அறிவையும், கற்பித்தல் திறனையும், ஆய்வுத் திறனையும், நிர்வாகத் திறனையும் வளர்த்துக்கொள்ள எடுக்கும் முயற்சிகளும், அதற்காக நிறுவனமும் அரசும் செய்து தரும் ஏற்பாடுகளும் பணித்திறன் மேம்பாடு எனப்படுகின்றன.

இன்று பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. நேரடி வகுப்பு, இணையவழி வகுப்பு, கருத்தரங்கு, பயிலரங்கு என்று ஆண்டு முழுவதும் அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆனால் ஒரு பெண் ஆசிரியர் எத்தனை பயிற்சிகளில் கலந்துகொண்டார் என்ற எண்ணிக்கை, அவர் எவ்வளவு அதிகாரம் பெற்றார் என்பதைச் சொல்லாது. பயிற்சிக்குப் போவதற்கான நேரத்தை அவருக்கு யார் தருகிறார்கள், பெற்ற சான்றிதழுக்கு அவர் பணியாற்றும் இடத்தில் என்ன மதிப்பு, முடிவெடுக்கும் நாற்காலிக்கு அது வழிவிடுகிறதா என்பவையே உண்மையான கேள்விகள். தமிழ்நாட்டு நிறுவனங்களை முன்வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறுவனங்களும் அவற்றின் அமைப்பும்

ஆசிரியர் கல்வியை இந்திய அளவில் நெறிப்படுத்துவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 1995 ஆகஸ்ட் மாதம் முதல் இயங்கும் இக்குழுமம்தான் பாடத்திட்டச் சட்டகம், ஆசிரியர் எண்ணிக்கை, கல்வித் தகுதி ஆகியவற்றை வரையறுக்கிறது. பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாக மாறியது இக்குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளால்.

தமிழ்நாட்டில் இரு வகை நிறுவனங்களைத் தெரிந்துகொள்வது இத்தலைப்புக்குத் தேவை. முதலாவது, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து நாடு முழுவதும் தொடங்கப்பட்ட இவை, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் பட்டயப் படிப்பை நடத்துவதோடு, பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சியும் அளிக்கின்றன. இரண்டாவது வகை, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்வியியல் கல்லூரிகள். இவற்றில் அரசுக் கல்லூரிகள் ஏழு, அரசு உதவி பெறுபவை பதினான்கு. மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகள் சுயநிதிக் கல்லூரிகளே. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, பணிமுன் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசு சாராதவை என்று சுட்டியது. பணித்திறன் மேம்பாட்டுக்கான விதிகள் பெரும்பாலும் அரசுக் கல்லூரி ஆசிரியரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதால் இந்த விகிதம் முக்கியமானது. இதற்குப் பின்னர் வருவோம்.

பள்ளிக்கூடம் வேகமாகப் பெண்களின் பணியிடமாகி வருகிறது. 2024-25ஆம் ஆண்டின் பள்ளிக் கல்வித் தகவல் தொகுப்பின்படி இந்தியாவில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அவர்களில் 54 விழுக்காட்டினர் பெண்கள். உயர்கல்வியில் நிலை வேறு. 2020-21ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுள் பெண்கள் 42.9 விழுக்காடு. ஆசிரியர் கல்வி நிறுவனம் இந்த இரண்டு உலகங்களும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. நாளைய பெண் ஆசிரியர் பணி வாழ்க்கை என்றால் என்னவென்று முதலில் கண்ணால் காண்பது, தனக்குப் பாடம் நடத்தும் பெண் பேராசிரியரிடம்தான்.

ஒரு பழைய முன்மாதிரி

சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கான அரசு நிறுவனம் 1856இல் தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து இன்றும் அங்கே இயங்குகிறது. பெண்களுக்கான பயிற்சி வரலாற்றில் நாம் நின்று பார்க்கவேண்டிய பெயர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மணமாகிக் கைம்பெண்ணான அவர், 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவரே.

அவர் செய்ததை வெறும் சமூகச் சீர்திருத்தமாக மட்டும் படிப்பது வழக்கம். பணித்திறன் மேம்பாட்டின் பார்வையில் படித்தால் வேறொன்று தெரியும். இளம் கைம்பெண்களுக்கு அவர் முதலில் கொடுத்தது பாடப்புத்தகம் அன்று, தங்குமிடம். சென்னைக் கடற்கரையின் ஐஸ் அவுஸ் கட்டடத்தில் இல்லம், படிக்கப் பள்ளி, ஆசிரியராகப் பயிற்சி பெறக் கல்லூரி, கற்பித்துப் பழக அதனோடு இணைந்த பயிற்சிப் பள்ளி என்று அனைத்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்தன. பயிற்சிக்கு வரும் பெண் எங்கே தங்குவாள், யார் துணை, முடித்தபின் என்ன வேலை என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் பயிற்சி தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் பயிற்சி அழைப்பிதழ்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

பணித்திறன் மேம்பாட்டில் என்னென்ன அடங்கும்

முறைசார்ந்த பயிற்சிகள் முதலில் நினைவுக்கு வரும். 1986ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. புதிதாகச் சேர்ந்தோருக்கு அறிமுகப் பயிற்சி, பின்னர் பாடவாரியாகப் புத்தொளிப் பயிற்சி என்பது இவற்றின் நெடுநாளைய முறை.

இப்பயிற்சிகள் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2018ஆம் ஆண்டு மானியக் குழு ஒழுங்குமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் அடுத்த நிலைக்கு உயர 21 நாள் அறிமுகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதற்கடுத்த நிலைகளுக்கு இரு வாரப் பயிற்சிகள் வேண்டும். இதில் பலர் கவனிக்காத சலுகை ஒன்று உண்டு. குறிப்பிட்ட நிலைகளில் ஓர் இரு வாரப் பயிற்சிக்குப் பதிலாக இரண்டு ஒரு வாரப் பயிற்சிகளைக் காட்டலாம். இணையவழிப் படிப்பைச் சான்றிதழுடன் முடித்தாலும் ஏற்கப்படும். இது பெண்களுக்கென்று எழுதப்பட்ட விதி அன்று. ஆனாலும் வீட்டைவிட்டு இரண்டு வாரம் தொடர்ந்து தங்க முடியாத ஒருவருக்கு இதுவே பயிற்சிக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

முறைசாராத வழிகளும் குறைந்தவை அல்ல. சொல்லப்போனால் ஆழமான கற்றல் பல நேரம் அங்கேதான் நிகழ்கிறது. பாடநூல் எழுதும் குழுவில் இடம்பெறுவது, பயிற்சிக் கையேடு தயாரிப்பது, செயல் ஆராய்ச்சி செய்வது, கருத்தாளராகச் சென்று பிறருக்குப் பயிற்சி தருவது ஆகியவை இவ்வகை. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் அடிப்படைத் திறன்களுக்கான அத்திட்டத்துக்குக் கையேடுகளும் பயிற்சிகளும் பெருமளவில் தேவைப்பட்டன. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஏன் கழித்தலில் தடுமாறுகிறது என்று உட்கார்ந்து யோசித்து ஒரு செயல்பாட்டை எழுதுபவர், அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வது பத்துச் சொற்பொழிவுகளில் கிடைக்காது. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த 'கற்பித்தல்சார் பாட அறிவு' என்ற கருத்து இதைத்தான் குறிக்கிறது. பாடம் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தில் கற்பவர் எங்கே இடறுவார் என்று தெரிந்திருப்பது வேறு.

எனவே ஒரு நிறுவனத்தில் கையேட்டுக் குழுவுக்கும் கருத்தாளர் பட்டியலுக்கும் யார் பெயர் போகிறது என்பது சிறிய செய்தி அன்று. 'மேடம் வெளியூர் வரமாட்டாங்க' என்று கேட்காமலேயே முடிவு செய்து வேறு பெயரை எழுதிவிடுவதும் உண்டு. அதைச் செய்பவர் அக்கறையில் செய்வதாகவே நினைப்பார். விளைவு என்னவோ ஒன்றுதான்.

அதிகாரம் பெறுதல் என்ற சொல்

'அதிகாரம் பெறுதல்' என்பதைத் தன்னம்பிக்கை, மேடைப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி என்று சுருக்கிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். பொருளியல் அறிஞர் நைலா கபீர் 1999இல் எழுதிய கட்டுரையில் இதைக் கூர்மையாக வரையறுத்தார். வாழ்வின் முக்கியமான தேர்வுகளைத் தானே செய்யும் ஆற்றல் முன்பு மறுக்கப்பட்டிருந்த ஒருவர், அந்த ஆற்றலைப் பெறுவதே அதிகாரம் பெறுதல் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் மூன்று கூறுகளைச் சொன்னார்: வளங்கள், செயலாற்றும் உரிமை, அடைவுகள்.

நம் பொருளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பயிற்சி ஒரு வளம். பயிற்சியில் கற்றதை வைத்துத் தன் வகுப்பின் மதிப்பீட்டு முறையை மாற்ற ஒரு பேராசிரியருக்கு இடமிருந்தால் அது செயலாற்றும் உரிமை. மாணவரின் கற்றல் உயர்வதும், அவர் துறைத் தலைவராகவோ முதல்வராகவோ ஆவதும் அடைவு. முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதைத் தடுத்தால், கோப்பில் சான்றிதழ்கள் சேருமே தவிர வேறொன்றும் நடக்காது. ஏற்கெனவே இருக்கும் வேலையோடு இன்னொரு வேலையும் சேரும், அவ்வளவுதான்.

நேரம் யாருடையது

தடைகள் என்று வரும்போது நேரத்தை முதலில் வைக்க வேண்டும். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களை. வேறுபாடு 201 நிமிடங்கள். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த 50 மணி நேரத்தையே அளவுகோலாகக் கொள்வோம். 50 மணி என்பது 3,000 நிமிடம். 201 நிமிட வேறுபாடு பதினைந்து நாட்களில் 3,000ஐத் தாண்டிவிடுகிறது. ஓர் ஆண்டு முழுவதும் எடுக்கவேண்டிய பயிற்சிக்கான நேரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இரண்டு வாரத்தில் விழும் இடைவெளிக்குச் சமம். இவை எல்லாத் தரப்புப் பெண்களையும் சேர்த்த சராசரிகள். கல்லூரி ஆசிரியர் வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் காலையில் அடுப்பை மூட்டிவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் எவருக்கும் இந்தக் கணக்குப் புதிதாக இராது.

இணையவழிப் பயிற்சி இதற்குத் தீர்வு என்று பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் பரவலாக நம்பப்படுகிறது. பாதி உண்மை. 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளமும், மாளவியா இயக்க மையங்களின் இணைய வகுப்புகளும் பயணத்தை மிச்சப்படுத்தியிருக்கின்றன. கைக்குழந்தை உள்ளவருக்கு இது பெரிய உதவி. மறுபக்கம், பயிற்சி வீட்டுக்குள் வந்துவிட்டதால் அது அலுவல் நேரத்தைவிட்டு வெளியேறியும்விட்டது. முன்பு வெளியூர்ப் பயிற்சிக்கு ஓ.டி. கிடைத்தது. இப்போது பகலில் முழு வகுப்புகளையும் நடத்திவிட்டு, மாலையில் ஒரு கையில் குழந்தையும் காதில் கருவியுமாகப் பயிற்சியைக் கேட்க வேண்டியிருக்கிறது. படம் அணைத்து வைக்கப்பட்ட திரையில் வருகை பதிவாகும். சமையலறையில் குக்கர் விசிலடிக்கும். இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இணையவழிப் பயிற்சிக்கும் ஓ.டி. உண்டு, அந்த நாட்களில் வகுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று நிறுவனம் எழுத்தில் தராதவரை, அது பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படும் நேரமே.

தொலைவும் நேரத்தோடு சேர்ந்தது. மாவட்ட நிறுவனங்கள் பல நகரத்தைவிட்டு விலகி இருக்கின்றன. கரூர் மாவட்டத்துக்கு மாயனூர், தூத்துக்குடிக்கு வானரமுட்டி, திருநெல்வேலிக்கு முனைஞ்சிப்பட்டி, நாகப்பட்டினத்துக்குக் குருக்கத்தி என்று ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே தெரியும். பி.எட். மாணவருக்கு இருபது வாரப் பள்ளிப் பயிற்சி கட்டாயம். அதைப் பார்வையிடச் செல்லும் பேராசிரியர், பேருந்து வசதி குறைந்த கிராமப் பள்ளிகளுக்கும் போய் வர வேண்டும். இந்தப் பயணத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்காத நிறுவனத்தில், அதற்கு மேல் பயிற்சிக்குப் போ என்று சொல்வது எளிது, போவது கடினம்.

முனைவர் பட்டம் என்னும் வாசற்படி

கல்வியியல் கல்லூரி முதல்வராக வர, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகளின்படி முதுகலைப் பட்டமும் எம்.எட். பட்டமும் உரிய மதிப்பெண்ணுடன் இருக்க வேண்டும்; அவற்றோடு முனைவர் பட்டமும் எட்டு ஆண்டுக் கற்பித்தல் அனுபவமும் தேவை. அனுபவம் காலத்தோடு தானே வரும். முனைவர் பட்டம் அப்படி வருவதில்லை. எம்.எட். முடித்துப் பணியில் சேரும் வயதும், திருமணம், பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் வயதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முதல்வர் நாற்காலிக்கு யார் வருவார் என்பது பெரும்பாலும் இந்தப் பத்தாண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது.

இதை உணர்ந்து எழுதப்பட்ட சில விதிகள் உண்டு. மானியக் குழுவின் 2016, 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கான உச்சக் காலத்தில் பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் தளர்வு உண்டு. ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். திருமணம் போன்ற காரணத்தால் வேறு ஊருக்குக் குடிபெயரும் பெண் ஆய்வாளர், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. மதுரையில் பதிவு செய்துவிட்டுத் திருமணமாகி வேலூர் சென்றவர் 'இனி ஆய்வு அவ்வளவுதான்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஆய்வில் சேரும் நாளிலேயே இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின் விதியைத் தேடுவது அலைச்சல்.

சுயநிதிக் கல்லூரிகளின் நிலை

மேலே சொன்ன பதவி உயர்வு விதி, ஓ.டி., நீண்ட விடுப்பு ஆகியவை அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உயிருள்ளவை. தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டாக உயர்ந்தது. மானியக் குழு விதிகளில் சிறு குழந்தை உள்ள பெண் ஆசிரியருக்கு, பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் வரை குழந்தை பராமரிப்பு விடுப்புக்கு இடமுண்டு. பெரும்பான்மைப் பெண் ஆசிரியர்கள் பணியாற்றும் சுயநிதிக் கல்லூரிகளின் நடைமுறையில் இவற்றின் நிழல்கூட விழுவது அரிது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 200 மாணவர் பயிலும் பி.எட். கல்லூரிக்கு விதிப்படி தேவையான ஆசிரியர் 16 பேர். அலுவலகப் பணியாளர்களைச் சேர்த்தாலும் 50ஐ எட்டாது. அதாவது, பெண் ஆசிரியர்கள் நிறைந்த ஒரு நிறுவனம் சிறியதாக இருப்பதாலேயே காப்பகக் கடமையிலிருந்து விலகிவிடுகிறது. ஒரே வளாகத்தில் பொறியியல், கலை, கல்வியியல் கல்லூரிகளை நடத்தும் அறக்கட்டளைகள் சேர்ந்து ஒரு காப்பகம் வைத்தால் செலவு பெரிதாகாது. சட்டம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டிய செய்தி அன்று இது.

பதவி உயர்வு முறையே இல்லாத கல்லூரியில் சான்றிதழுக்கு என்ன பயன் என்ற கேள்வியும் எழும். தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் சான்றிதழ்கள் தேடப்படும். அடுத்த ஆண்டு அவை மறக்கப்படும். இந்தச் சூழலில் 'பெண் ஆசிரியர்களிடம் ஆர்வம் குறைவு' என்று எழுதும் ஆய்வேடுகளைச் சற்றுச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. பயன் தராத ஒன்றில் ஆர்வம் குறைவது மனக்குறை அன்று, கணக்கு.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். ஈராண்டு பி.எட். பாடத்திட்டத்தில் 'பாலினம், பள்ளி, சமூகம்' பற்றிய தாள் உண்டு. வேலைப் பகிர்வு, ஊதிய வேறுபாடு, பணியிடத்தில் பாதுகாப்பு எல்லாம் அதில் வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதில் கற்பிக்கலாம். அதை நடத்தும் பேராசிரியரிடம், நம் கல்லூரியில் அக்குழுவின் தலைவர் யார் என்று ஒரு மாணவி கேட்டால் உடனே பதில் வர வேண்டும். அந்தத் தாளை நடத்துவதற்கே தனிப் பயிற்சி தேவை. தன் சொந்தப் பணியிடத்தைப் பற்றிப் பேசாமல் அதை உண்மையாக நடத்த முடியாது.

நிறுவனத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை

கல்லூரி நேரத்துக்குள், கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் மேம்பாட்டு முறைகள் பெண்களுக்கு அதிகம் பயன்படுகின்றன. ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள 'ஜுக்யோ கென்கியூ' என்னும் பாட ஆய்வு முறை இதற்குப் பொருந்தும். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். மாணவருக்கு நுண்நிலைக் கற்பித்தலில் ஐந்து நிமிடப் பாடத்துக்குக் குறை நிறை சொல்லும் நம் பேராசிரியர்கள், தம் சக ஆசிரியரின் வகுப்பில் உட்காருவது அரிதாக இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் கால அட்டவணையில் ஒதுக்கினால் இது நடக்கும். பயணம் வேண்டாம், தங்குமிடம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம்.

பள்ளிப் பயிற்சிப் பார்வையையும் வீணாக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் பல பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பாடங்களைப் பார்க்கிறார் ஒரு பேராசிரியர். அவற்றை மதிப்பெண் தாளோடு விடாமல், ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு குறித்து வந்தால் அதுவே ஆய்வுத் தரவு. பயிற்சி மாணவர் கேட்கும் கேள்விகளுக்கு எத்தனை முறை பெண் குழந்தைகளை எழுப்புகிறார்கள் என்பது போன்ற எளிய கேள்வி போதும். கட்டாயப் பணியே ஆய்வாகவும் மாறினால், தனியாக நேரம் தேட வேண்டிய சுமை குறையும்.

மூத்தவர் வழிகாட்டல் மற்றொன்று. தேசியக் கல்விக் கொள்கை வழிகாட்டலுக்கெனத் தேசிய அளவில் ஓர் இயக்கத்தையே முன்மொழிந்தது. ஆயினும் ஆய்வுக் கட்டுரைக்கு எந்த இதழ் சரியானது, முதல்வரிடம் பயிற்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது, மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தபின் விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடங்குவது என்பவற்றை அடுத்த அறையில் இருக்கும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நடைமுறை. அந்த அக்காவுக்கு அதற்கென ஒரு மணி நேரத்தையும் ஒரு பெயரையும் கொடுப்பதுதான் நிறுவனம் செய்ய வேண்டியது. ஓராண்டு விடுப்புக்குப் பின் வருபவருக்குப் பாடத்திட்டமும் செயலிகளும் மாறியிருக்கும். ஒரு வார அறிமுகம் கொடுத்தால் அவர் முதல் நாளே பின்தங்க மாட்டார்.

தலைமைப் பயிற்சி பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வியில் பெண் நிர்வாகிகளுக்கான திறன் வளர்ப்புத் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியது. ஆசிரியராக இருக்கும் பெண்களை நிர்வாகப் பொறுப்புகளை நோக்கி நகர்த்துவதே அதன் குறிக்கோள். நிதி அறிக்கையைப் படிப்பது, கூட்டத்தை நடத்துவது, விதிப் புத்தகத்தைப் பயன்படுத்துவது போன்ற திறன்கள் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. கல்லூரிகளில் பெண்களுக்குக் கோலப்போட்டிக் குழுவும் விருந்தோம்பல் குழுவும், ஆண்களுக்குத் தேர்வுக் குழுவும் கொள்முதல் குழுவும் போகும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பின்னவற்றில்தான் நிர்வாகம் கற்கப்படுகிறது.

ஆய்வு செய்வோருக்கு

எம்.எட்., முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு இத்தலைப்பு அடிக்கடி தேர்வு செய்யப்படுகிறது. பெரும்பாலானவை, பயிற்சி திருப்தியாக இருந்ததா என்ற ஐந்து புள்ளி வினாநிரலோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி 2000இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை ஐந்து படிகள் கொண்டது: பங்கேற்றவரின் கருத்து, அவர் கற்றது, நிறுவனத்தின் ஆதரவும் மாற்றமும், கற்றதைப் பயன்படுத்துதல், மாணவரின் கற்றல். பெண் ஆசிரியர்களைப் பொறுத்தவரை மூன்றாவது படியில்தான் சங்கிலி அறுபடுகிறது என்பதால், வினாக்களை அங்கே வைப்பது பயன் தரும்.

ஒரு கல்லூரியில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர் எத்தனை பேர், அனுமதி பெற்றவர் எத்தனை பேர். அனுமதி மறுக்கப்பட்டபோது எழுதப்பட்ட காரணம் என்ன. பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியது யார். பயிற்சியின்போது வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் உண்டா, அல்லது திரும்பி வந்தபின் சனிக்கிழமைகளில் ஈடு செய்தாரா. திரும்பியபின் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார். கருத்தாளர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் வெளி மாவட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் எத்தனை பேர். இவற்றுக்கான விடைகள் ஆசிரியரின் மனப்பான்மையில் இல்லை. அலுவலக வருகைப் பதிவேட்டிலும், ஓ.டி. கோப்பிலும், குழு நியமன ஆணைகளிலும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அனுமதி வாங்குவதுதான் ஆய்வாளரின் முதல் களப்பணி.